துப்பறிவாளருக்குத் துப்பு உண்டா?

கை ரிச்சி இயக்கி 2011 டிசம்பரில் வந்த ‘ஷெர்லாக் ஹோம்ஸ்: எ கேம் ஆஃப் ஷேடோஸ்’ படத்தைப் பார்க்கிறவருக்கு, ‘இவர் டிடெக்டிவா, ஸ்டன்ட் மாஸ்டரா?’ என்று ஒரு சந்தேகம் வரும். இரண்டாம் பாகம் அல்லவா, அடிதடி தூக்கலாகவே இருக்கிறது. ஹோம்ஸாக வரும் ராபர்ட் டௌனி ஜூனியர் ஓடும் ரயிலில் சண்டை போடுகிறார்; பீரங்கிக் குண்டுகள் மரங்களைச் சிதறடிக்கும் காட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். சந்தேகம் நியாயம்தான். ஆனால் டிடெக்டிவுக்கு நாம் வைத்திருக்கும் ‘துப்பறிவாளர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், இந்த ஹோம்ஸ் அவ்வளவு அந்நியமாகத் தெரியமாட்டார்.

முதலில் ஆங்கிலச் சொல். அதன் வேர் லத்தீன் மொழியின் ‘டெடெகெரே’. ‘டெகெரே’ என்றால் மூடுதல், கூரை வேய்தல். முன்னால் ‘டெ’ சேர்ந்தால் மூடியதைத் திறத்தல். ஆக, டிடெக்டிவ் என்பவர் கூரையைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்க்கிறவர். 1842இல் லண்டன் மாநகரக் காவல்துறை இரண்டு இன்ஸ்பெக்டர்கள், ஆறு சார்ஜென்டுகளோடு டிடெக்டிவ் பிரிவைத் தொடங்கிய காலத்தில்தான் இது ஒரு தொழிலின் பெயராக நிலைத்தது. 1887இல் வந்த முதல் கதையிலேயே ஹோம்ஸ், தான் ஆலோசனை சொல்லும் டிடெக்டிவ் என்றும், உலகத்தில் அந்தத் தொழிலில் இருப்பது தான் ஒருவன்தான் என்றும் பெருமை அடித்துக்கொள்கிறார்.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். துப்பு + அறிவாளர். துப்பு என்றால் இன்று தடயம், உளவுச் செய்தி. ‘கொலை வழக்கில் துப்பு கிடைத்தது’, ‘போலீசார் துப்பு துலக்கினர்’ என்று நாளிதழில் படிக்கிறோம். பழைய நூல்களில் இந்தச் சொல்லுக்கு முகம் பல. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளில் அது உணவு. (அங்கே வருவது துப்பு + ஆக்கி, சுடுகிற துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்து சேர்ந்த வேறு சொல்.) ‘துன்பத்துள் துப்பாயார் நட்பு’ என்னும்போது பற்றுக்கோடு. பவளத்துக்கும் துப்பு என்று பெயர் உண்டு. நமக்கு வேண்டியது 862ஆம் குறள்: ‘என்பரியும் ஏதிலான் துப்பு’. அன்பும் துணையும் வலிமையும் இல்லாதவன் பகைவனின் துப்பை எப்படித் தொலைப்பான் என்று கேட்கிறார் வள்ளுவர். இங்கே துப்பு என்றால் வலிமை.

இந்தப் பொருள் செத்துப்போய்விடவில்லை. ‘கேட்கத் துப்பில்லை’, ‘துப்புக்கெட்டவன்’ என்று திட்டும்போது யாரும் தடயத்தை நினைப்பதில்லை, திராணியைத்தான் சொல்கிறோம். தடயம், திராணி இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல். அந்தப் படத்து ஹோம்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது. அடிக்கும் முன்பே எந்த அடி எங்கே விழும், எதிராளி எப்படிச் சாய்வான் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுகிறார். கடைசியில் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியின் மேலே வில்லன் மோரியார்டியும் அதே கணக்கைப் போடுகிறான். இரண்டு பேரும் கையை நீட்டாமலே ஒரு முழுச் சண்டை முடிந்துபோகிறது. படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

முஷ்டி பலம் இயக்குநர் புதிதாக ஒட்டவைத்ததும் அல்ல. மூலக்கதைகளை எழுதிய கானன் டாயிலின் ஹோம்ஸ் குத்துச்சண்டை தெரிந்தவர். மோரியார்டியின் பிடியிலிருந்து தப்பியது ‘பாரிட்சு’ என்ற ஜப்பானிய மல்யுத்தத்தால் என்று 1903இல் வந்த கதையில் சொல்கிறார். பார்டன்-ரைட் என்பவர் தன் பெயரையும் ஜுஜுட்சுவையும் கலந்து உண்டாக்கிய ‘பார்டிட்சு’தான் அது, டாயில் எழுதியதில் ஓர் எழுத்து காணாமல் போய்விட்டது. இன்னொரு வேடிக்கை, அருவிச் சண்டை நடப்பது 1891இல்; பார்டிட்சு லண்டனுக்கு வந்ததோ 1890களின் கடைசியில்.

துப்பறிவாளரை ஒற்றரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒற்றர் அரசனுக்காக வேவு பார்ப்பவர். துப்பறிவாளர் நடந்த குற்றத்தைத் தோண்டுபவர். வேஷம் மட்டும் இருவருக்கும் பொது. ‘துறந்தார் படிவத்தர் ஆகி’ ஆராய்வதே ஒற்று என்கிறது குறளின் ஒற்றாடல் அதிகாரம். மோரியார்டியிடமிருந்து தப்ப, மூலக்கதையில் ஹோம்ஸ் வயதான இத்தாலியப் பாதிரியாராக ரயில் ஏறுகிறார்; அதுவும் துறந்தார் படிவம்தான். படத்திலோ பெண் வேஷம், அதுவும் படு மோசமான மேக்கப்பில்!

டிடெக்டிவுக்கு வேறு சொல் வைக்கலாமா? ‘புலனாய்வாளர்’ என்றால் அரசுத் துறையின் வாசம் அடிக்கிறது, சி.பி.ஐ. அதிகாரிக்கு அது பொருந்தும். ‘உளவாளி’ வேறு நாட்டு ஆளாகிவிடுவார். பேச்சில் ‘என்ன, சி.ஐ.டி. வேலை பார்க்கிறியா?’ என்கிறோம், எழுத்துக்கு அது ஒத்துவராது. தேவனின் துப்பறியும் சாம்பு முதல் 2017இல் வந்த ‘துப்பறிவாளன்’ படம்வரை புழங்கிய சொல் இருக்க, புதிதாக ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. தனியாகத் தொழில் நடத்துபவர் என்றால் தனியார் துப்பறிவாளர். ஒருமையில் கதாபாத்திரத்தைச் சொல்லும்போது துப்பறிவாளன் என்றும் எழுதலாம், ஹோம்ஸ் கோபித்துக்கொள்ளமாட்டார்.