நாஜி ஜெர்மனியில் யூதர்களின் படிப்பையும் வேலையையும் பறித்த சட்டங்கள்

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7 அன்றே புதிய அரசுப் பணியாளர் சட்டம் தயார். ‘ஆரியர் அல்லாத’ அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது அது. அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசு ஊழியர்கள்தான்.

சரி, ஆரியர் அல்லாதவர் யார்? ஏப்ரல் 11 அன்று வந்த விதியின்படி, தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூத மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலே போதும். பேரன் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்றாலும் விடமாட்டார்கள். தாத்தா பாட்டி வரையிலான பிறப்பு, திருமணச் சான்றுகளைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

விலக்கும் இருந்தது. ஜனாதிபதி ஹிண்டன்பர்க் வற்புறுத்தியதால் சேர்த்தார்கள். 1914 ஆகஸ்ட் 1 முதல் பணியில் இருப்பவர்கள், முதல் உலகப் போரில் களத்தில் நின்றவர்கள், அந்தப் போரில் தந்தையையோ மகனையோ பறிகொடுத்தவர்கள் தப்பலாம். என்னைக் கேட்டால், சட்டத்தை ஏதோ நியாயமானதுபோல் காட்டியதே இந்த விலக்குதான். கோட்டிங்கன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபிராங்குக்கு அது பொருந்தும். ஆனாலும் எனக்கு மட்டும் சலுகை எதற்கு என்று பதவியை உதறினார். அவருடைய சகா மாக்ஸ் போர்னைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். பிறகு சி.வி. ராமன் அழைத்து, 1935-36இல் சில மாதங்கள் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் இருந்தார் போர்ன்.

மாணவர்களுக்கு வந்தது 1933 ஏப்ரல் 25 சட்டம். வகுப்புகளில் நெரிசலைக் குறைக்கிறோம் என்று பெயர்! புதிதாகச் சேருபவர்களில் யூதர்கள் 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கும் களம் கண்ட வீரர்களின் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு.

1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்ததும் கணக்கு மாறியது. யூதத் தாத்தா பாட்டி மூவர் இருந்தால் முழு யூதர். ஒருவரோ இருவரோ என்றால் பெரும்பாலும் ‘கலப்பினம்’. விலக்கு பெற்றிருந்த யூத அதிகாரிகளும் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் வெளியேற வேண்டியதாயிற்று. கலப்பினத்தாருக்கும் நிம்மதி இல்லை. ஹாம்பர்க்கில் இங்கெபோர்க் சில்ம் என்ற மருத்துவ மாணவி தொண்டை அடைப்பான் நோய் பற்றி ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். தாய் யூதர் என்பதால் 1938இல் வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். 2015இல், 102 வயதில், அதே பல்கலைக்கழகத்தின் தேர்வில் தேறி முனைவர் பட்டம் வாங்கினார்.

மற்ற வாசல்களையும் 1938லேயே அடைத்தார்கள். யூத மருத்துவர்களின் உரிமம் செப்டம்பர் 30 அன்று செல்லாததானது. மிகச் சிலர் மட்டும் யூத நோயாளிகளைப் பார்க்கலாம். ஆனால் மருத்துவர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. வழக்கறிஞர்களுக்கு நவம்பர் 30 கெடு. நவம்பர் 15 அன்று அரசுப் பள்ளிகளில் மிச்சமிருந்த யூதப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பினார்கள். அவர்களுக்கு யூதப் பள்ளிகள் மட்டுமே மிஞ்சின; 1942 ஜூன் முடிவோடு அவற்றையும் மூடிவிட்டார்கள்.