அப்டேட்டுக்குப் பிறகு ஆட்-ஆன் நின்றுவிட்டால் யார் பொறுப்பு?

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் மளிகைக் கடை. தராசு காட்டும் எடை நேராகப் பில்லில் வந்து விழ ஒரு ஆட்-ஆனை, அதாவது பில்லிங் சாஃப்ட்வேரோடு சேர்த்துப் போடும் கூடுதல் நிரலை, வேறொருவரிடம் தனியாக வாங்கிப் போட்டிருந்தோம். பில்லிங் சாஃப்ட்வேரை அப்டேட் செய்த மறுநாளே அது நின்றுவிட்டது. சாஃப்ட்வேர் விற்றவரைக் கேட்டால் "அது எங்க சரக்கு இல்லண்ணே" என்றார், ஆட்-ஆன் கொடுத்தவரோ "அவங்க மாத்துனதுக்கு நாங்க என்ன செய்யமுடியும்" என்றார், கடை வாசலில் கூட்டம் நிற்க நாங்கள் எடையைக் கையால் அடித்துக்கொண்டிருந்தோம்.

ஆட்-ஆனுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் நமக்குக் கை கொடுக்கும். செய்து தருவதாக ஒருவர் ஒப்பந்தத்திலோ வேறு வகையிலோ ஏற்றுக்கொண்டதைச் சரியாகச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு என்கிறது அந்தச் சட்டம். அப்படியென்றால் யார் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி. "இந்தத் தராசோடு வேலை செய்யும்" என்று கொட்டேஷனிலோ விளம்பரத்திலோ வாட்ஸ்அப்பிலோ சாஃப்ட்வேர்காரர் சொல்லியிருந்தால், வேறொருவர் சரக்கு என்று அவர் ஒதுங்கிக்கொள்வது எளிதல்ல. அவர் எதுவும் சொல்லாமல் நாமாகவே வாங்கிப் போட்டிருந்தால் முதலில் ஆட்-ஆன் விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை: அப்டேட் செய்தால் பழைய ஆட்-ஆன் நின்றுவிடும் என்று தெரிந்தே நம்மிடம் மறைத்து, அதனால் நமக்கு நஷ்டம் வந்தால் அதுவும் குறைபாடுதான். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போதே எந்த ஆட்-ஆன், எந்த வெர்ஷன் என்று எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

கடைக்காரர் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் சட்டம் பொருந்தாது, ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. குடும்பமாக நடத்தும் சின்னக் கடை என்றால் இதைத் தைரியமாக எடுத்து வைக்கலாம்.

முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், பிழைச் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். சரி, பதிலே இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம். அதிலும் தீராவிட்டால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், விற்றவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.