ஜேபிஜே மாதிரி லாயர் வேண்டுமா? முதலில் அந்த வீடியோவை நிறுத்துங்கள்

“ஜேபிஜே மாதிரி நறுக்குன்னு பேசுற லாயர் வேணும் சார்” என்று யாராவது ஆரம்பித்தாலே அடுத்து போனை நீட்டுவார்கள் என்று சிங்கப்பூரில் லாயராக இருக்கும் எனக்கு இப்போதெல்லாம் தெரிந்துவிடுகிறது. (ஜேபிஜே என்பது மறைந்த எதிர்க்கட்சி அரசியல்வாதி, வழக்கறிஞர் ஜே. பி. ஜெயரத்தினம்.) அண்மையில் வந்தவரும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரரோடு கைகலப்பு, வேண்டுமென்றே காயப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. மனிதர் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று ஃபேஸ்புக்கில் நேரலை போட்டிருக்கிறார். புகார் கொடுத்தவரின் பெயர், வீட்டு எண், போன் நம்பர் எல்லாம் வரிசையாக வருகிறது, விசாரணை அதிகாரி காசு வாங்கிவிட்டார் என்று ஒரு வரி வேறு. கடைசியில், “ஆமா, நான்தான் தள்ளினேன், இப்ப என்ன?” இதற்கு மேல் அரசுத் தரப்புக்கு என்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்.

இவர் முதல் ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜேபிஜே என்றால் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது அந்தக் கிருதாவும் இடிமுழக்கக் குரலும், சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் நின்று புத்தகம் விற்றதும்தான். ஜே. பி. ஜெயரத்தினம் யாழ்ப்பாணத் தமிழர், லண்டனில் கிரேஸ் இன் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் படித்த பாரிஸ்டர். அரசாங்க சட்டச் சேவையில் மாவட்ட நீதிபதியாக இருந்தார், உச்ச நீதிமன்றப் பதிவாளராகவும் இருந்தார், 1963இல்தான் வெளியே வந்து தனியாகத் தொழில் செய்தார். எந்த மனுவை எந்தத் தேதிக்குள் எந்தக் கவுண்டரில் கொடுக்க வேண்டும் என்பது பதிவாளராக இருந்தவருக்கு அத்துப்படி. 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்து, சிங்கப்பூர் சுதந்திரமடைந்த பிறகு தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் போன முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆனதெல்லாம் அதற்கு அப்புறம்.

1986இல் அவருடைய கட்சியின் கணக்கு தொடர்பான வழக்கில் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டு எம்பி பதவி போனது, மறு வருஷம் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் பெயரை நீக்கினார்கள். 1988இல், அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவரை மீண்டும் பட்டியலில் சேர்த்தது, அவருக்குப் பெரும் அநீதி நடந்திருப்பதாகவும் சொன்னது. இதைச் சொல்லித்தான் என்னிடம் வருகிறவர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். அங்கே வேலை செய்தது கூட்டத்தில் போட்ட சத்தமா என்ன? சாட்சியப் பதிவும் சட்ட வாதமும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: பட்டியலிலிருந்து நீக்கியதுதான் பிரிவி கவுன்சில் முன்னால் இருந்த மேல்முறையீடு. குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது, மன்னிப்பு கேட்டு அதிபருக்குப் போட்ட மனுவும் நிராகரிக்கப்பட்டது. எந்த மேல்முறையீடு எதைத் திருப்பித் தரும், எதைத் தராது என்று தெரியாமல் “ஜேபிஜேயே ஜெயிச்சாரே” என்பது சும்மா பேச்சு.

மேடையில் பேசியதற்கு அவர் கொடுத்த விலையை யாரும் சொல்வதில்லை. அவதூறு வழக்குகள், நஷ்ட ஈடு, 2001இல் திவால், அதோடு மறுபடி கிடைத்திருந்த நாடாளுமன்ற இடமும் தொழிலும் சேர்ந்து போயின. 2007இல்தான் திவாலிலிருந்து விடுபட்டார், மறு வருஷம் காலமானார். அவர் அரசியல் சரியா தவறா என்று கோப்பிக்கடையில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. அவர் துணிச்சல் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தெரிந்தே அந்த விலையைக் கொடுத்தவர் அவர். உங்களுக்கு அது தெரியுமா?

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, சத்தமாகப் பேசுகிற லாயர்தான் ஜெயிப்பார் என்கிற நம்பிக்கை. சினிமாவில் பார்த்தது. இங்கே ஜூரி முறையை, அதாவது பொதுமக்கள் குழு உட்கார்ந்து தீர்ப்பு சொல்வதை, 1969லேயே ஒழித்துவிட்டார்கள். பிரபல வழக்கறிஞர் டேவிட் மார்ஷல், பேச்சாலேயே ஜூரியைக் கட்டிப்போட்டவர், வேண்டாம் என்று எவ்வளவோ எதிர்த்தார், நடக்கவில்லை. இன்று ஹேவ்லாக் ஸ்குவேர் அரசு நீதிமன்றத்தில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு நீதிபதி, காலையிலிருந்து நாலைந்து கேஸ் பார்த்திருப்பார், அவர் முன்னால் கை வீசி வசனம் பேசினால் “உங்கள் வாதம் என்ன?” என்று கேட்பார், அவ்வளவுதான். (நல்ல குறுக்கு விசாரணை பார்க்கப் போனால் தூக்கம் வரும். ஒரு நேரம், ஒரு தூரம், ஒரு மருத்துவ அறிக்கை, இப்படித்தான் போகும்.) இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு: சர்ச்சைக்குரிய லாயரை வைத்தால் நீதிபதி நம்மேல் கோபப்படுவாராம். லாயரின் சொந்தக் கருத்து உங்கள் கேஸில் சாட்சியம் கிடையாது, எந்தப் பக்கத்துக்கும்.

சரி, செய்ய வேண்டியது. வழக்கு நடக்கும்போது அதைப் பற்றிப் பதிவு போடாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். நடக்கிற விசாரணையைப் பாதிக்கும்படி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு, 2016இல் வந்த சட்டப்படி மூன்று வருஷச் சிறை, ஒரு லட்சம் வெள்ளி அபராதம் வரை போகலாம். எதிராளியைத் துன்புறுத்துவதற்காக நம்பரையும் முகவரியையும் வெளியிட்டால் அது 2020இலிருந்து தனிக் குற்றம், அதுக்கும் சேர்த்து நீங்கள் எனக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும். போட்டதை அவசரப்பட்டு அழிக்கவும் செய்யாதீர்கள், ஆதாரத்தை மறைத்ததாகப் போய் முடியும். முதலில் லாயரிடம் காட்டுங்கள். காசு இல்லை என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. குற்றவியல் வழக்கென்றால் அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் 2022இலிருந்து இருக்கிறது, மணவிலக்கு போன்ற சிவில் விவகாரத்துக்குச் சட்ட உதவிப் பிரிவு இருக்கிறது, இரண்டிலும் வருமான வரம்பு பார்ப்பார்கள். தீர்ப்பில் திருப்தி இல்லையா, குற்ற வழக்கில் மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க 14 நாள். பதிமூன்றாம் நாள் சாயங்காலம் ஆபீஸ் கதவைத் தட்டுகிறவர்கள், அந்தத் தீர்ப்புத் தாளையாவது மறக்காமல் கொண்டு வாருங்கள்.