கருவி பொருத்த வரும்போது பிடித்த பாட்டுகளையும் கொண்டு வாருங்கள்

காது மந்தமாகி, காது கேட்கும் கருவி பொருத்த வரும் ராக் கலைஞர்களிடம், மிகவும் பிடித்த நான்கைந்து பாட்டுகளை போனில் எடுத்து வரச் சொல்வேன். எந்த அதிர்வெண்ணில் கேட்கும் திறன் எவ்வளவு குறைகிறது என்பதை ஆடியோகிராம் (காது சோதனையின் வரைபடம்) காட்டிவிடும். கருவி இசையை எங்கே கெடுக்கிறது என்பது, வருடக்கணக்காகக் கேட்டு ஊறிப்போன பாட்டில்தான் பிடிபடும்.

"காது போச்சு, இனி மேடை கிடையாது" என்று முடிவு கட்டிவிட்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களிடம் ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனைப் பற்றிச் சொல்வேன். 1970களில் ஜோர்டி குழுவில் பாடியவர், அது ஓய்ந்த பிறகு நியூகாசிலில் கார்களுக்கு வினைல் கூரை போடும் தொழிலுக்குப் போனார். 1980இல் ஏசி/டிசி குரல் தேர்வுக்கு அழைத்தபோது அவர் பாடக் கேட்டது டினா டர்னரின் 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்'. அந்த வருடமே அவர் பாடிய 'பேக் இன் பிளாக்' ஆல்பம் வந்தது. 2016இல், தொடர்ந்து பாடினால் கேட்கும் திறன் முழுதாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்க, சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகினார். 2020இல் 'பவர் அப்' ஆல்பத்தோடு திரும்பினார். 2023இல் குழுவோடு மேடையும் ஏறினார். மீண்டும் மேடை ஏற அவருக்குக் கிடைத்த தொழில்நுட்ப உதவி எல்லோருக்கும் கிடைக்காதுதான். ஆனால் சாதாரணக் கருவியிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை.

இந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. சாதாரணப் பேச்சு சுமார் 65 டெசிபல். டிரம்ஸ் பக்கத்தில் 100ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். பழைய கருவிகள் பலவற்றில் 95 டெசிபல் அளவிலேயே, ஒலி உள்ளே நுழையும்போதே வெட்டுப்பட்டுச் சிதைகிறது. அப்புறம் வால்யூமைக் குறைத்துப் பயனில்லை. இன்னொரு தொல்லை: கிடாரில் நீட்டிப் பிடிக்கும் ஒரு ஸ்வரத்தைத் தன் சொந்த விசில் (கருவியின் ஒலியே திரும்ப மைக்கில் நுழைந்து எழுவது) என்று நினைத்து கருவி அடக்கப் பார்க்கும், ஸ்வரம் நடுங்கும். இரைச்சல் குறைப்பு வசதியோ, சிம்பலின் அதிர்வை வெறும் சத்தம் என்று துடைத்துவிடும்.

அதனால் இசை கேட்பதற்கென்றே கருவியில் அமைக்கும் 'மியூசிக் புரோகிராம்' ஒன்றைத் தனியாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அதில் இரைச்சல் குறைப்பையும் விசில் தடுப்பையும் நிறுத்திவிடலாம், அல்லது மிகவும் தளர்த்தலாம். கொண்டு வரும் பாட்டுகளில் ஒன்று தனிக்குரலாக இருக்கட்டும், ஒன்றில் நீண்ட கிடார் சோலோ, ஒன்றில் சிம்பல் நிறைய. ஸ்பீக்கரில் போட்டு, எந்த இடத்தில் உறுத்துகிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். பழைய கருவிதான் கையில் இருக்கிறதா? டொராண்டோவைச் சேர்ந்த கேட்பியல் நிபுணர் மார்ஷல் சேசின் சொல்லித்தந்த உபாயம் இருக்கிறது: வாசிக்கும் நேரத்தில் மட்டும் மைக் துளைமேல் மூன்று நான்கு அடுக்கு ஸ்காட்ச் டேப். உள்ளே போகும் ஒலி சுமார் 10 டெசிபல் குறையும், சிதைவு அடங்கும்.

சரி, மீதியிருக்கும் காதைக் காப்பாற்ற வேண்டுமே. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அது பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கடையில் விற்கும் பஞ்சு அடைப்பான் மேல் ஸ்தாயியை அதிகமாக விழுங்குவதால் வாசிப்பவர்கள் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஒலியைச் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பானைக் கேட்டு வாங்குங்கள். கச்சேரி முடிந்து ஒரு காது திடீரென அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால் எங்களிடம் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டாம். ஓரிரு நாளுக்குள் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போக, கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறைகிறது.