பிடித்தவரும் பிடிக்காதவரும் காட்டுவது ஒரே பக்கத்தை

ஒரே நாவலை வாசித்த இருவர் எதிரெதிரான முடிவுக்கு வருவது எந்த நூலகத்திலும் நடப்பதுதான். ஆனால் ஜோ அபர்குரோம்பியின் ‘தி பிளேட் இட்செல்ஃப்’ போன்ற இருண்ட ஃபேன்டசி நாவல்களில், அதாவது கற்பனை உலகில் நடக்கும் கொடூரம் மிகுந்த கதைகளில், அந்தப் பிளவு வேறு விதமாக இருக்கும். தலையில் வைத்துக் கொண்டாடுபவரும் பாதியில் மூடி வைத்தவரும் காரணமாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரே பக்கத்தைத்தான்.

அந்த நாவலில் குளொக்டா என்பவன் படியேறும் இடங்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் வாட்போட்டியில் பெயரெடுத்த அழகன் அவன், படை அதிகாரி. எதிரிகளிடம் பிடிபட்டு இரண்டு வருடம் சிறையில் சித்திரவதைப்பட்டுத் திரும்பியவன். இப்போது அரச விசாரணை அதிகாரி. தான் பட்டதை மற்றவர்களுக்குச் செய்வதுதான் அவனுக்குச் சம்பளம் தரும் வேலை. வாயில் மேற்பல் இருக்கும் இடத்துக்கு நேரே கீழ்ப்பல் இல்லை, கீழ்ப்பல் இருக்கும் இடத்துக்கு நேரே மேற்பல் இல்லை. சிறையில் அப்படிப் பார்த்துப் பார்த்து அழித்திருக்கிறார்கள். மென்று சாப்பிட வழியில்லை. படிக்கட்டைக் கண்டாலே அவனுக்கு உயிர் போகும். ஊன்றுகோலும் வலியுமாக அவன் ஒவ்வொரு படியாக ஏறுவதை ஆசிரியர் அவசரப்படாமல் எழுதுகிறார். அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு படிக்கட்டு வருகிறது, மறுபடியும் எழுதுகிறார்.

“ஒரு மனுசனின் வலியை இவ்வளவு கிட்ட நின்று நான் வாசித்ததே இல்லை” என்பார் பிடித்தவர். “எத்தனை தரம்தான் படியேறுவான், கதை நகரவே இல்லையே” என்பார் பிடிக்காதவர். இரண்டு பேரும் புத்தகத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். ஆகவே இந்த வகை நாவலைப் பற்றி யாராவது கருத்துச் சொன்னால் நல்லது, கெட்டது என்ற தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் எந்த இடத்தைக் காட்டுகிறார் என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் புத்தகம் ஒத்துவருமா என்பதை அந்த இடம் சொல்லிவிடும். நட்சத்திர மதிப்பீடு சொல்லாது.

தோட்டப் பாடசாலை நூலகங்களைக் கவனிக்கும் ஆசிரியர்கள், பிரதேச சபை நூலகங்களில் இரவல் பகுதியில் இருப்பவர்கள், ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் வாசகர் வட்டம் நடத்துபவர்கள், பிள்ளையின் கையில் இப்படியொரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு யோசிக்கும் பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

கருத்து எங்கே பிரிகிறது

முதலாவது, கதையின் வேகம். ‘தி பிளேட் இட்செல்ஃப்’ 2006இல் வந்தது. ‘ஃபர்ஸ்ட் லோ’ என்ற முத்தொகுதியின் முதல் புத்தகம். மற்ற இரண்டும் 2007இலும் 2008இலும் வந்தன. முதல் புத்தகம் 500 பக்கங்களைத் தாண்டும். அதில் பெரும்பகுதி ஆட்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதிலேயே போகிறது. வடக்கிலிருந்து லோகன் என்ற பழைய போர்வீரன், தலைநகரில் குளொக்டா, வாட்போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் தலைக்கனம் பிடித்த இளம் அதிகாரி ஜெசால் என்று மூன்று கோடுகள் நெடுந்தூரம் தனித்தனியாக ஓடுகின்றன. பெரும் பயணம் தொடங்கும் இடத்தில் புத்தகம் முடிந்துவிடுகிறது. முதல் 50 பக்கத்துக்குள் ஒரு தேடலும் ஒரு எதிரியும் தெரிய வேண்டும் என்று பழகியவருக்கு இது ஏமாற்றம்தான். முதல் புத்தகத்தை மட்டும் வாங்கி வைக்கும் நூலகம் இந்த ஏமாற்றத்தை இரட்டிப்பாக்கும். மூன்றையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் வாங்காமல் இருப்பதே மேல். தனித்து நிற்கும் ஒரு முதற்பாகம் வாசகரிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு அலுமாரியில் கிடக்கும்.

இரண்டாவது, திருந்தாத மனிதர்கள். டோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ 1954, 1955ஆம் ஆண்டுகளில் வந்தது. அந்த வழியில் வளர்ந்த கதைகளில் எளியவன் துன்பப்பட்டு உயர்வான், நல்ல முனிவர் வழிகாட்டுவார். இருண்ட நாவல் அந்த எதிர்பார்ப்பைத் தெரிந்தே எடுத்துக்கொண்டு உடைக்கிறது. 1977இல் ஸ்டீபன் டொனால்ட்சன் எழுதிய ‘லோர்ட் ஃபவுல்ஸ் பேன்’ நாவலில் கதாநாயகன் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணை வன்புணர்கிறான். அதோடு புத்தகத்தை மூடியவர்கள் ஏராளம். 1984இல் கிளென் குக் கூலிப்படையின் கதையைக் கூலிப்படைக்காரன் வாயாலேயே சொன்னார். 1996இல் ஜோர்ஜ் மார்ட்டினின் ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ வந்தது. 2011இல் தொலைக்காட்சித் தொடரானபின் அந்த ருசி எல்லா இடத்துக்கும் பரவியது. நம் பக்கத்து இளைஞர் பலர் புத்தகத்துக்கு முன் தொடரைப் பார்த்தவர்கள். அதே வேகத்தை எதிர்பார்த்து 500 பக்கத்தைத் திறந்தால் சலிப்பு வரத்தான் செய்யும்.

இந்த இடத்தில் மலையக வாசகருக்கென்று ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது எங்கள் கவலை. நாயகன் சாவது நமக்குப் புதிதில்லை. பொன்னர் சங்கர் கூத்தில் அண்ணன்மார் இருவரும் படுகளத்தில் விழுகிறார்கள். தங்காள் அழுதுகொண்டு தேடி வருகிறாள். காமன் கூத்தில் காமன் எரிக்கப்படுகிறான், ரதி புலம்புகிறாள். பாரதத்தில் அசுவத்தாமன் இரவில் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் பிள்ளைகளைக் கொல்கிறான். அதைவிட இருண்ட காட்சியை எந்த ஆங்கில நாவலும் எழுதிவிடவில்லை. ஆனால் படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும் சடங்கு உண்டு. எரிந்த காமனையும் எழுப்புவார்கள். விடியவிடியப் பார்த்தவர்கள் அழுது முடித்துத்தான் வீட்டுக்குப் போவார்கள். இந்த நாவலில் எழுப்ப யாரும் வருவதில்லை, அழுது தீர்க்க இடமும் இல்லை. அத்தியாயம் அப்படியே முடிந்துவிடுகிறது. “மனசு கனத்துப்போச்சு, ஆனா ஒன்றும் கிடைக்கல்ல” என்று நம் வாசகர் சொல்வதன் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. அவருக்கு இலக்கியம் புரியவில்லை என்று ஒதுக்குவது பெரிய தவறு.

மூன்றாவது, பெண்கள். முதல் புத்தகத்தில் முக்கியமான பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு. பெயர் சொல்ல ஃபெரோவும் ஆர்டியும்தான். இந்தக் குறை நியாயமானது. அதற்குச் சமாதானம் தேடத் தேவையில்லை.

நான்காவதை வெறும் ருசி வித்தியாசமாக எண்ணிப் பலர் தவறவிடுகிறார்கள். அது வாசிக்கும் பிரதி. குளொக்டா வாயால் பேசுவது ஒன்று, மனதுக்குள் நினைப்பது இன்னொன்று. நினைப்பவை எல்லாம் அச்சில் சாய்வெழுத்தில் வரும். அந்த நாவலின் நகைச்சுவையும் இரக்கமும் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இருக்கின்றன. கைபேசியில் கைமாறும் திருட்டுப் பிரதிகளில், வேறு கோப்பாக மாற்றும்போது சாய்வெழுத்து தொலைந்துபோவது சாதாரணம். அப்போது அவன் மனதில் நினைத்ததை எல்லாம் எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேரே சொல்வதுபோல் ஆகிவிடும். மேலதிகாரிக்கு முன்னால் பணிவாகப் பேசிக்கொண்டே உள்ளுக்குள் சிரிப்பவன், காரணமில்லாமல் உளறும் ஆளாகத் தெரிவான். “பாத்திரம் குழப்பமாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், எந்தப் பிரதியில் வாசித்தார் என்று முதலில் கேளுங்கள். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் வாசிப்பவருக்கு, அச்சுப் பிரதியானாலும் சாய்வெழுத்து என்றால் நினைப்பு என்று கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது.

வாக்குமூலமும் அடியும்

நாவலின் தொடக்கத்திலேயே ரூஸ் என்ற வணிகரைக் குளொக்டா விசாரிக்கிறான். கடைசியில் அவர் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதில் யாருடைய பெயர் வர வேண்டும் என்பதை மேலிடம் தீர்மானிக்கிறது. லண்டனில் இருந்து வாசிப்பவருக்கு இது அரசியல் சூழ்ச்சிக் காட்சி. இங்கே அப்படி இருக்காது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வழக்கில் சான்றாக ஏற்க, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் மலையக இளைஞர்களும் பிடிபட்டார்கள். 1977, 1983 வன்செயல்களின் நினைவும் பல குடும்பங்களில் இன்னும் பேசப்படாமல் கிடக்கிறது. சிரித்துக்கொண்டே விசாரிக்கும் ஒருவன்மேல் வாசகருக்கு இரக்கம் வரச்செய்யும் நாவலை, அப்படியொரு வீட்டிலிருந்து வரும் வாசகரால் தாங்க முடியாமல் போகலாம். இன்னொருவருக்கு அதே பக்கம், இதைச் செய்பவனும் மனிதன்தான் என்ற பயங்கரத்தை முதன்முதலாகக் காட்டலாம். இரண்டும் நடக்கும். யாருக்கு எது நடக்கும் என்று நூலகரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வெஸ்ட் என்ற அதிகாரி தன் தங்கை ஆர்டியை அடிக்கும் காட்சியும் அப்படித்தான். அதுவரை வாசகர் நேசித்துவந்த, ஏழ்மையிலிருந்து உழைத்து மேலே வந்த நல்ல மனிதன் அவன். லயத்தில் பக்கத்துக் காம்பராச் சத்தம் கேட்டு வளர்ந்த பெண் பிள்ளைகள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடலாம். ‘நல்லவன்’ என்று ஊர் சொல்லும் ஆளைப் பற்றி இவ்வளவு நேராக எழுதிய பக்கம் என்று அதே பிள்ளைகளில் ஒருத்தி சொல்லவும் கூடும். கலந்துரையாடலில் இந்தக் காட்சியை எடுக்கும்போது, யாரையும் பெயர் சொல்லி அழைத்து அபிப்பிராயம் கேட்காதீர்கள். பேச விரும்புபவர் பேசட்டும். யாராவது உடைந்துபோனால் கூட்டத்தை அங்கேயே நிறுத்தலாம், நாவல் காத்திருக்கும். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அறிவித்தல் பலகையில் எப்போதும் ஒட்டி வையுங்கள். சிறுவர்களுக்கானது 1929.

இரவல் கொடுக்கும்போது

முன் அட்டையின் உட்புறம் கையளவு துண்டொன்று ஒட்டுங்கள். அதில் நான்கே வரிகள் போதும்: சித்திரவதை விரிவாக வரும், குடும்பத்துக்குள் அடி வரும், கெட்ட வார்த்தைகள் நிறைய, கதை மூன்று புத்தகங்களில்தான் முடியும். “பலவீனமான உள்ளம் கொண்டோர் தவிர்க்கவும்” போன்ற வாசகம் வேண்டாம். அது 14 வயதுப் பையனுக்கு அழைப்பிதழ் வைத்தது போல. யார் சாகிறார் என்பதையும் எழுத வேண்டாம்.

வயதைப் பொறுத்தவரை, சாதாரண தரம் எழுதி முடிக்காதவர்களுக்கு இதை நாங்களாக எடுத்து நீட்டுவதில்லை. ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவதும் இல்லை. பிடுங்கினால் அந்தப் பிள்ளை மீதியைக் கைபேசியில் வாசிக்கும், யாரிடமும் பேசாது. எந்த இடத்தில் இருக்கிறாய், யாரைப் பிடித்திருக்கிறது என்று பெற்றோர் கேட்டாலே போதும். பதிலில் புத்தகமும் தெரியும், பிள்ளையும் தெரியும்.

வாசகர் வட்டத்துக்கு எடுப்பதானால் 8 பேருக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக வாசிப்பவர் மணிக்கு 20 பக்கம் என்று வைத்தாலும் முதல் புத்தகத்துக்கு 25 மணித்தியாலத்துக்கு மேல் போகும். கொழுந்துக் காலத்தில் ஒரு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னால் பாதிப் பேர் வாசிக்காமலே கருத்துச் சொல்ல வருவார்கள். கூட்டம் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இதுதான். நாவல் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதற்பகுதி முடியும் இடத்தில் ஒரு சந்திப்பும் முடிவில் இன்னொன்றும் வையுங்கள், இடையில் ஆறு வாரமாவது விடுங்கள். சந்திப்பில் ஒரே ஒரு விதி: கருத்துச் சொல்பவர் பக்க எண்ணைச் சொல்லி, அந்தப் பக்கத்தில் நாலு வரியை உரக்க வாசித்துவிட்டுத்தான் பேச வேண்டும். “போரடிக்குது”, “செம” என்ற இரண்டு வார்த்தைகளில் சண்டை போடுவது இந்த விதியோடு நின்றுவிடும். பிடிக்காதவரை முதலில் பேச விடுங்கள். பிடித்தவர் முதலில் பேசிவிட்டால், பிடிக்காதவர்கள், குறிப்பாகத் தங்கள் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள், பிழை தங்களுடையது என்று நினைத்து வாய் திறக்க மாட்டார்கள்.

பாதியில் நிறுத்துவதற்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம். 100 பக்கம் தாண்டியும் மூன்று பாத்திரங்களில் ஒருவர்மேல்கூட ஆர்வம் வராவிட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். கதையின் வேகம் பிறகு கூடினாலும் அவர்களோடுதான் போக வேண்டும்.

நுவரெலியாப் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. பசையால் மட்டும் ஒட்டிய தடித்த மலிவுப் பதிப்பு ஈரக் காற்றில் முதுகு வெடித்து, நடுவில் தாள் கழன்றுவிடும். வெளிச் சுவரை ஒட்டிய தட்டில் அடுக்காமல், காற்றுப் போக இடம் விட்டு நிமிர்த்தி வையுங்கள். திரும்பி வரும்போது பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு அத்தியாயம் தொலைந்த பிரதியை வாசித்துவிட்டு ஆசிரியரைக் குறை சொல்வதும் நடக்கத்தான் செய்கிறது.

திருப்பிக் கொடுப்பவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். பாத்திரங்கள் பிடித்திருந்தன, சித்திரவதையைத்தான் தாங்க முடியவில்லை என்பவருக்கு ராபின் ஹொப்பின் ‘அசாசின்ஸ் அப்ரென்டிஸ்’ பொருந்தும். 1995இல் வந்தது, அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த பையன் தன் கதையைத் தானே சொல்கிறான். துக்கம் நிறைய, உடல் வதை குறைவு. நீளம்தான் பிரச்சினை என்றால், அல்லது சாதாரண தரத்துக்குக் கீழுள்ள பிள்ளை என்றால், உர்சுலா லெ குயினின் ‘எ விசர்ட் ஒஃப் எர்த்சீ’யைக் கொடுங்கள். 1968இல் வந்த சிறிய புத்தகம். தன் கர்வத்தால் தானே அவிழ்த்துவிட்ட நிழலை ஒரு பையன் எதிர்கொள்ளும் கதை. இருட்டு அதிலும் இருக்கிறது, ஆனால் 12 வயதுப் பிள்ளையால் அதைக் கடந்து வர முடியும்.