ஆர்வியில் சிபாப் மெஷின்: ஒரு ராத்திரிக்கு எவ்வளவு பேட்டரி போதும்?

தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்குக் குழாய், மாஸ்க் வழியாகக் காற்றைத் தொடர்ந்து கொடுப்பது சிபாப் (CPAP) மெஷின். அதோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 65 வாட் என்றோ 90 வாட் என்றோ போட்டிருக்கும். மின் இணைப்பே இல்லாத இடத்தில் ஆர்வியை, அதாவது உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள பயண வண்டியை, நிறுத்திவிட்டு ராத்தங்க நினைப்பவர் முதலில் போடும் கணக்கும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். 90 வாட், 8 மணி நேரத் தூக்கம், பெருக்கினால் 720 வாட்-மணி. அந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போய் சிலர் தேவைக்கு மேல் பெரிய பேட்டரியை வாங்கி ஏற்றுகிறார்கள், சிலர் இரண்டு நாள்தானே என்று மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது முடிவுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. 90 என்பது அந்த அடாப்டரால் அதிகபட்சமாக எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சொல்லும் எண், அவ்வளவே. ராத்திரி முழுக்க மெஷின் உண்மையில் இழுப்பது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் தொண்டையில் காற்று போகும் வழி அப்படியே ஒட்டிக்கொள்கிறது, காற்று போவது நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது. இது ஒரு ராத்திரியில் பலமுறை நடக்கிறது, காலையில் ஆளுக்கு நினைவே இருக்காது. சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1981-இல் இதற்கு ஒரு எளிய வழியை வெளியிட்டார்கள்: மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து கொடுத்தால் அந்தக் காற்றே உள்ளே முட்டுக் கொடுத்தது போல நின்று தொண்டையைத் திறந்து வைக்கும். இன்றைய மெஷின்களும் செய்வது இதையேதான். அழுத்தத்தை 4 முதல் 20 சென்டிமீட்டர் வரைக்கும் வைக்கலாம். அது தண்ணீர் சென்டிமீட்டர் கணக்கு. 10 என்றால், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அடியில் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. ஒரு டம்ளர் தண்ணீரின் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதை வாட்டாக மாற்றிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 980 பாஸ்கல். மாஸ்க்கில் நாம் வெளிவிடும் கரியமில வாயு போவதற்கென்றே சிறு துளைகள் இருக்கின்றன, அவை வழியாக நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் காற்று எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தையும் இந்த ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது 0.6 வாட்டுக்கும் கீழே. ஒரு மனிதரின் தொண்டையை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கத் தேவைப்படும் காற்றின் வேலை அவ்வளவுதான்! மோட்டாரிலும் விசிறியிலும் வீணாவது, திரை, சென்சார், எல்லாம் சேர்த்தாலும் நடுத்தர அழுத்தத்தில் பல மெஷின்கள் 6 முதல் 8 வாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. 8 மணி நேரத்துக்கு 50, 60 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் வெறும் 5 ஆம்ப்-மணி.

சரி, அப்படியானால் நல்ல பெரிய பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் விடிகாலையில் மெஷின் நின்றுபோவது ஏன்? மெஷினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தத் தண்ணீர்ப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து வீசும் காற்று மூக்கையும் தொண்டையையும் காய வைக்கும் என்பதால் மெஷினில் ஈரப்பதமூட்டி இருக்கிறது. ஒரு சூடான தகட்டின் மேல் தண்ணீர்ப் பெட்டி உட்கார்ந்திருக்கும், காற்று அதன் மேல் தடவிக்கொண்டு போகும்போது ஈரத்தை எடுத்துக்கொள்ளும். காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தால் கால் லிட்டர் போல குறைந்திருக்கும். கால் லிட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தண்ணீரை ஆவியாக்குவது சும்மா சூடாக்குவது மாதிரி இல்லை. ஒரு கிலோ தண்ணீரை அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஆவியாக்கவே ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். கால் லிட்டருக்கு 600 கிலோஜூல், அதாவது சுமார் 170 வாட்-மணி. இதே வெப்பத்தை வைத்துக்கொண்டு 20 டிகிரியில் இருக்கும் 1.8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலை வரைக்கும் கொண்டுபோய்விடலாம். காற்றைத் தள்ளும் மோட்டார் ராத்திரி முழுக்கச் சாப்பிட்டதைப் போல மூன்று மடங்கு, கண்ணுக்கே தெரியாமல் ஆவியாகப் போய்விடுகிறது. சூடாக்கும் குழாய் வேறு இருந்தால், தகட்டிலிருந்து வெளியே கசியும் வெப்பத்தையும் சேர்த்து மொத்தம் 300 வாட்-மணியைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை.

இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், மெஷினுக்குப் போகும் 12 வோல்ட் வயர்களில் ஒன்றை மட்டும் நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டுப் பாருங்கள். சூடு அணைந்திருக்கும்போது எண் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். உள்ளே இழுக்கும்போது 0.7 ஆம்ப் பக்கம் போகும், விடும்போது 0.4-க்கு இறங்கும், மறுபடி ஏறும். தூங்குகிறவரின் மூச்சை எண்ணிக்கையாகவே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஈரப்பதமூட்டியைப் போட்ட உடனே அந்த மெல்லிய அலை காணாமல் போய்விடும். தகடு சூடேறும்போதெல்லாம் 3, 4 ஆம்ப் என்று குதிக்கும், கொஞ்ச நேரம் விடும், மறுபடி குதிக்கும்.

ஆக முதல் கேள்வி பேட்டரி எவ்வளவு பெரிது என்பதைவிட, ஈரத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதாக இருக்க வேண்டும். சூட்டை அணைத்துவிட்டுப் பெட்டியில் தண்ணீரை மட்டும் வைத்தாலும் காற்று கொஞ்சம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும், ஈரப்பதமான ஊர்களில் பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. நாம் வெளிவிடும் மூச்சில் ஏற்கெனவே நம் உடம்பு சூடாக்கி, ஈரமாக்கி வைத்த காற்று இருக்கிறது. அந்த ஈரத்தை ஒரு சின்ன ஃபில்டரில் பிடித்து வைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுத்தால் கரண்ட்டே செலவில்லை. பயணத்துக்கென்று வரும் சில சிறிய மெஷின்களில் தண்ணீர்ப் பெட்டிக்குப் பதில் இதுதான் இருக்கிறது. வெளிவிடும் மூச்சு அந்த ஃபில்டர் வழியாகப் போகும்படி மாஸ்க் அமைந்திருந்தால்தான் இது வேலை செய்யும், அதனால் மெஷினுக்குப் பொருந்தும் மாஸ்க் எது என்று விசாரித்துக்கொண்டே வாங்க வேண்டும். மூக்கு அடைத்துக்கொள்ளும், சூடான ஈரக்காற்று இல்லாமல் தூங்கவே முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சூட்டோடுதான் கணக்குப் போட வேண்டும். மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூங்குவதற்குப் பெரிய பேட்டரி எவ்வளவோ மேல்.

அடுத்த கசிவு இன்வெர்ட்டர். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதை வீட்டு மின்சாரம் மாதிரி மாறுமின்னோட்டமாக ஏற்றுகிறது. உடனே மெஷினின் அடாப்டர் அதை மறுபடி 24 வோல்ட் நேர்மின்னோட்டமாக இறக்குகிறது (சில மெஷின்களுக்கு 12 வோல்ட்டே போதும்). மாடிக்கு ஏறி, அப்புறம் இறங்கி, பக்கத்து அறைக்குப் போகிற கதை. ஒவ்வொரு மாற்றத்திலும் பத்து சதவீதத்துக்கு மேல் வெப்பமாகப் போகும். அதைவிட மோசம், இன்வெர்ட்டர் விழித்திருக்கவே கரண்ட் வேண்டும். மைக்ரோவேவ் ஓட்டுவதற்காக வண்டியில் போட்ட 2,000 வாட் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 20 வாட் எடுப்பது சாதாரணம். 8 மணி நேரத்துக்கு 160 வாட்-மணி! மோட்டாருக்கு 60, அதற்குக் காவல் காக்கிறவனுக்கு 160. 12 வோல்ட்டை நேரடியாக 24-க்கு ஏற்றும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை மெஷின் தயாரிப்பாளரே தனியாக விற்பார், பெரும்பாலும் அதுவே சரியான தீர்வு. வேறு வழியில்லை, இன்வெர்ட்டர்தான் என்றால் சின்னதாக, சுத்தமான சைன் அலை தருவதாக வாங்குங்கள். சதுரம் சதுரமாக அலை தரும் மலிவு வகையில் அடாப்டர்களும் சூடாக்கிகளும் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது.

வயரை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் ராத்திரியில் காலை வாரிவிடுவது பல நேரம் அதுதான். படுக்கைப் பக்கத்து 12 வோல்ட் சாக்கெட் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, 0.8 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர், மின்தடை சுமார் 0.21 ஓம். தகடு சூடேறி 5 ஆம்ப் இழுக்கும் நேரத்தில் வழியிலேயே ஒரு வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரி பாதி இறங்கி 12.2 வோல்ட்டில் நின்றால் மெஷின் பக்கம் 11.2-க்கும் கீழே தெரியும். கன்வெர்ட்டரோ தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்தாக வேண்டும் என்பதால், வோல்ட் குறையக் குறைய ஆம்பை இன்னும் கூட்டி இழுக்கும், வயரில் இழப்பும் கூடும், ஒரு கட்டத்தில் குறைந்த வோல்ட் என்று சொல்லிப் பீப் அடித்து நின்றுவிடும். பேட்டரியில் பாதி மிச்சம் இருக்கும்போதே! தடிமனான வயர், குறைந்த தூரம், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், இவை போதும் இதைத் தவிர்க்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்டுகள் ஆடி ஆடித் தளர்ந்துபோகும் என்பதால், இறுகப் பூட்டும் கனெக்டர் இருந்தால் நல்லது.

பேட்டரிக்கு வருவோம். 12 வோல்ட் 100 ஆம்ப்-மணி லெட்-ஆசிட் என்றால் தாளில் 1,200 வாட்-மணி, ஆனால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சட்டென்று குறையும், அதனால் கையில் இருப்பது 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அதே அளவு பேட்டரி ஏறக்குறைய முழுசையும் தரும், எடையும் பாதிக்குக் கீழே. வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை இதற்கு மட்டும் தொடாதீர்கள், அது நொடி நேரத்துக்குப் பெரிய கரண்ட் கொடுக்கச் செய்தது, இப்படி ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். இந்த 600 வாட்-மணியில் சூடு இல்லாமல், டிசி கன்வெர்ட்டரில் ஓட்டினால் ஒன்பது பத்து ராத்திரி வரும். முழுச் சூட்டோடு, பெரிய இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் இரண்டாவது ராத்திரியைத் தாண்டுவதே சந்தேகம். இரண்டு கணக்கிலும் பேட்டரி, ஆள், அழுத்தம் மூன்றும் அதேதான்.

பகலில் திருப்பி நிரப்ப 100 வாட் சோலார் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட்-மணி கொடுக்கும். மோட்டாருக்கு மட்டுமான 60-ஐ ஒரு மணி நேர வெயிலே ஈடுகட்டிவிடும். ஆனால் வண்டியை நாம் நிறுத்துவதோ மர நிழலில். பேனலின் செல்கள் தொடராகக் கோத்தவை என்பதால் ஒரு கிளையின் நிழல் சில செல்களில் விழுந்தாலே பெரும் பகுதி விளைச்சல் போய்விடும். நீளமான வயரோடு தனியே எடுத்து வெயிலில் சாய்த்து வைக்கும் பேனல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

குளிர் ராத்திரிதான் உண்மையான சோதனை. வெளியே உறையும்போது குழாயில் ஈரம் குளிர்ந்து நீர்த்துளியாகி முகத்தில் தெறிக்கும், அதைத் தடுக்கச் சூட்டைக் கூட்டுவோம். லெட்-ஆசிட் குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்திருக்கும். வண்டியின் ஹீட்டர் விசிறி வேறு அதே பேட்டரியில் விட்டு விட்டு 80, 100 வாட் இழுக்கும், பல நேரம் சிபாப்பை விடப் பெரிய தீனிக்காரன் அதுதான். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடுத்துவிடும். நல்ல பேட்டரிகள் தாமாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், ஆனால் காலை வெயிலில் பேனல் பளபளத்தும் பேட்டரி ஏறாமல் இருப்பதைப் பார்த்து முழிப்போம். பேட்டரியை வண்டிக்குள் வைப்பதும், குழாயைப் போர்வைக்கு அடியில் விட்டுக்கொள்வதும் நிறைய உதவும். இரண்டாவதற்கு உடம்புச் சூடே போதும்.

மலை ஏறினால் காற்று மெலிகிறது, அதே அழுத்தத்துக்கு விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். 2,500 மீட்டரில் வேகம் ஏறக்குறைய 13 சதவீதம் கூட வேண்டியிருக்கும். பல மெஷின்களுக்கு உச்சவரம்பே சுமார் 2,600 மீட்டர்தான், கையேட்டில் போட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேட்டரி போதவில்லை என்று ராத்திரியில் ஜெனரேட்டரையோ என்ஜினையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். சிபாப் தான் இருக்கும் அறையின் காற்றைத்தான் இழுத்துக் கொடுக்கிறது, அதன் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. புகை உள்ளே கசிந்தால் மெஷின் அதையும் மாஸ்க்குக்குத் தள்ளும். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது. வேலை செய்யும் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கும் இடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒரு ராத்திரி, கொண்டுபோகப்போகும் அதே பேட்டரி, அதே வயர், அதே கன்வெர்ட்டரில் மெஷினை ஓட்டித் தூங்கிப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வாட்-மணி மீட்டர் போதும். ஒரு ராத்திரி சூட்டோடு, மறுநாள் சூடு இல்லாமல். காலையில் வரும் இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதி மெஷின் பையிலேயே போட்டு வையுங்கள்.