மடக்குக் கத்தி வாங்கும் முன் அதன் மூட்டைப் பாருங்கள்

அது கார்த்திகை மாதம். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த ஒரு பெரியவர், வலது கையில் மாவுக்கட்டு மாதிரி ஒரு தாங்கலோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது நாள்.

"அண்ணே, எப்படி வெட்டிச்சு?"

"இருமுடிக்குத் தேங்காய்க் கண்ணைத் தோண்டினேம்மா. கத்தி மடங்கிருச்சு."

"என்ன கத்தி?"

"சும்மா பேனாக்கத்திதாம்மா. திருவிழாக் கடையில வாங்கினது."

நான் கைக்கு மட்டும் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். மதுரையில் இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் ஒரு கையை இரண்டு மூன்று மணி நேரம் பார்ப்பார். எனக்கோ அதே கை மூன்று மாதம். எதிரெதிரே உட்கார்ந்து விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தால் மனிதர்கள் எல்லாக் கதையையும் சொல்லிவிடுவார்கள். கத்திக் காயத்தோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "அந்தக் கத்தியை அடுத்த தடவை கொண்டு வர்றீங்களா?" பலர் கொண்டுவந்திருக்கிறார்கள். கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

அந்தப் பெரியவரின் கத்தி நல்ல கூர். கை முடியை மழித்துப் பார்க்கிற அளவுக்குக் கூர். குறை அதில் இல்லை. அலகும் கைப்பிடியும் சேருகிற இடத்தில், அதாவது அதன் மூட்டில், அலகைத் திறந்தபடி நிறுத்துவதற்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கத்தியை வழக்கமாகப் பிடிக்கிற மாதிரி ஒரு பேனாவைப் பிடித்துப் பாருங்கள். வெட்டும் பக்கம் கீழே இருக்கும். நான்கு விரல்களும் கீழ்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அலகு மடங்கி உள்ளே போகிற பள்ளமும் அதே பக்கம்தான். அலகின் விளிம்பை அழுத்தி ஒரு கயிற்றை வெட்டும்வரை கத்தி மடங்காது. அந்த அழுத்தம் அலகைத் திறந்த பக்கமாகவே தள்ளுகிறது. முனையால் குத்தித் துளை போடும்போதும், சிக்கிக்கொண்ட அலகை ஆட்டி ஆட்டி வெளியே இழுக்கும்போதும் விசை திசை மாறிவிடுகிறது. அலகு வந்த வழியே திரும்புகிறது. அந்த வழியில் உங்கள் விரல்கள் இருக்கின்றன.

விரலுக்குள் அதை மடக்குகிற தசை எதுவும் இல்லை என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம். விரலை வலுவாக மடக்குகிற தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் கயிறு மாதிரி விரல் நுனிவரை ஓடுகின்றன. கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு நாண். இரண்டும் ஒரே குறுகலான குழாய்க்குள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகவேண்டும். உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுக்கணு வரையிலான இந்தப் பகுதிக்குக் கை அறுவை சிகிச்சையின் முன்னோடி ஸ்டெர்லிங் பன்னல் வைத்த பெயர் 'யாரும் நுழையாத நிலம்'. அந்தக் காலத்தில் அங்கே வெட்டுப்பட்ட நாணை உடனே தைக்கவே பயப்பட்டார்கள். தைத்தால் சுற்றியிருப்பதோடு ஒட்டிக்கொண்டு விரல் குச்சியாகிவிடும். இப்போது தைக்கிறார்கள், நன்றாகவே தைக்கிறார்கள். ஆனால் சுமார் 6 வாரம் தாங்கலில், பளு தூக்க 12 வாரம். நடுவில் ஒருநாள் அவசரப்பட்டு வாளியைத் தூக்கினால் தையல் அறுந்து மறுபடி முதலிலிருந்து. நரம்பும் வெட்டுப்பட்டிருந்தால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். விரல் அடியிலிருந்து நுனிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

மடங்கும் கத்தி விழுகிற இடம் பெரும்பாலும் இந்த நிலம்தான்.

இதைச் சொன்னதும் சிலர் "அப்போ கத்தியே வேண்டாம்" என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் பையிலும் ஒன்று இருக்கிறது. பார்சல் பிரிக்க, தாங்கலின் பட்டையை நறுக்க, மத்தியானம் கொய்யாப்பழம் வெட்ட. சின்ன மடக்குக் கத்தி உபயோகமான பொருள். அதற்கு ஐயாயிரம், பத்தாயிரம் செலவழிக்கவும் வேண்டியதில்லை. கொடுக்கிற பணம் எதற்குப் போகிறது என்பதுதான் கேள்வி. ஆன்லைனில் எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறார்கள். டி2, 440சி, 8சிஆர்13 என்று எண்களை அடுக்குகிறார்கள். தினசரி நாலு அட்டைப்பெட்டி பிரிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சாணை பிடிக்கும் இடைவெளியில் தெரியும், அவ்வளவுதான். போதாததற்கு அலகில் பொறித்திருக்கும் எண்ணும் அதற்குள் இருக்கும் இரும்பும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று மலிவுக் கத்திகளில் கட்டாயமில்லை. அலை அலையாக டமாஸ்கஸ் கோலம் போட்டு முந்நூறு ரூபாய்க்கு விற்றால் அது மேலே அச்சிட்ட கோலம்.

சரி, மூட்டுக்கு வருவோம். ஸ்பிரிங் மட்டும் உள்ளவை ஒரு வகை. நம் பேனாக்கத்தி, விக்டோரினாக்ஸின் சிவப்புச் சின்னக் கத்திகள் எல்லாம் இந்த இனம். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய நிறுவனம் அது. தயாரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பாக்கெட்டில் போடும் அளவுள்ள பெரும்பாலான மாடல்களில் அலகுக்குப் பூட்டு கிடையாது. பழம், கயிறு, உறை என்று விளிம்பால் மட்டும் வெட்டுகிறவருக்கு இது போதும். குத்த, தோண்ட, நெம்ப எடுப்பவருக்கு ஆகாது.

முதுகுப் பக்கம் பூட்டு உள்ளவை இன்னொரு வகை. கைப்பிடியின் முதுகில் இருக்கும் கட்டையை அழுத்தினால்தான் மடங்கும். லைனர் லாக் என்பது கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுப்பது. இப்போது மலிவில் அதிகம் கிடைப்பது இதுதான். நன்றாகச் செய்திருந்தால் நல்ல பூட்டு. மோசமாகச் செய்திருந்தால் பூட்டே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் பூட்டு இருக்கிறது என்று நம்பிக் குத்துவோம். இதில் இன்னொரு தொல்லை, மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே நிற்கும். அலகைப் பாதி மடக்கியதும் விரலை எடுத்துவிட்டு மீதியை மடக்கப் பழகவேண்டும். நான் பார்த்த கட்டைவிரல் வெட்டுகளில் சில இப்படி மூடும்போது வந்தவைதான்.

எனக்குப் பிடித்தது வளையப் பூட்டு. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய, மரப்பிடி போட்ட விவசாயிக் கத்தி. 1955இல் அதன் கழுத்தில் ஒரு உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருகினால் அலகு திரும்பும் வழியே அடைந்துவிடும். பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவியும் பார்க்கலாம். அளவுக்கு ஏற்ப எண் போட்டு விற்கிறார்கள். 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், தினசரிக்குத் தாராளம். 6ஆம் எண்ணும் அதற்கு மேலுள்ளவையும் மட்டுமே வளையத்தோடு வருகின்றன, அதைக் கவனித்து வாங்குங்கள். திறக்க இரண்டு கையும் வேண்டும் என்று இதைக் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒற்றைக் கையால் சடக்கென்று திறந்து காட்டுவதற்காகக் கத்தி வாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தாங்கலோடு.

அதில் நிஜமான குறை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மரப்பிடி ஈரம் குடித்து ஊதி, அலகைத் திறக்கவே முடியாமல் இறுகிக்கொள்ளும். நகத்தால் இழுத்துப் போராடாதீர்கள். பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் லேசாகத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். கார்பன் இரும்பு, துருப்பிடிக்காத இரும்பு என்று இரண்டு விதமாகவும் விற்கிறார்கள். மாங்காயும் எலுமிச்சையும் வெட்டுகிற நம் ஊருக்கு, அதிலும் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, துருப்பிடிக்காததே சரி.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கையில் வந்ததும் சில விஷயங்களைப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பாருங்கள். முழுதாகத் திறந்து, அலகின் முதுகைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட ஆரம்பித்த பல் மாதிரி ஆடினால் வேண்டாம். பிறகு பூட்டைப் போட்டு, விரல்கள் எதுவும் பள்ளத்தின் பக்கம் இல்லாதபடி பிடியை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு பலகையில் நிதானமாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்கவேண்டாம், அது நல்ல பூட்டையும் கெடுக்கும். அழுத்தத்தில் நழுவினால் அந்தக் கத்தி வெறும் பேனாக்கத்திதான். லைனர் லாக் என்றால் தகடு அலகின் அடியில் எங்கே வந்து நிற்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும், வாங்கிய அன்றே எதிர்ப்பக்கம் வரை போய் முட்டினாலும் விட்டுவிடுங்கள். கடைசியாக மடக்கி, தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். அலகு எட்டிப் பார்த்தால் அது உங்கள் பாக்கெட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும்.

பிடி வழவழவென்று இருக்கக்கூடாது. வியர்த்த கை குத்தும் வேகத்தில் முன்னால் சறுக்கி அலகின் மேலேயே போய்விடும். இந்தக் காயம் சுண்டுவிரல் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகும்.

மொட்டைக் கத்தி பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூர் போனால் அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் கூடினால் சறுக்கல் கூடுகிறது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் சக்கரத்தில் வைத்து நீலம் பாயும்வரை தேய்க்க விடாதீர்கள். சூடு ஏறினால் அந்த விளிம்பு பதத்தை இழந்துவிடும். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில், மெருகு பூசாத வளையத்தில் தீட்டினாலே போதும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. நாம் பேசும் கத்தி இந்த அளவில் பாதிகூட வராது. ஆனால் டெல்லியில், பட்டன் அழுத்தினால் திறக்கும் கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளத்திலேயே கட்டுப்பாடு தொடங்கிவிடும். பட்டன் கத்தி எங்கேயும் வேண்டாம் என்பதே என் கருத்து. லண்டனில் இருக்கும் என் சித்தி மகனுக்கு நிலைமை தலைகீழ். காரணம் சொல்லாமல் அங்கே கொண்டுபோகக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டும். நான் பரிந்துரைக்கும் கத்தியை அவன் சும்மா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்கமுடியாது. விமானத்தில் போகிறவர்கள் கத்தியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிடுங்கள். கைப்பையில் மறந்து விட்டுச் சோதனைத் தட்டில் பறிகொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். தற்காப்புக்கு என்று நினைத்து யாரும் வாங்கவேண்டாம், அந்த வகைக் காயங்களின் கதை வேறு.

வெட்டுப்பட்டுவிட்டால் காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அதைக் கழுவி எடுப்பதற்கே தனியாக நேரம் போகும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கவேண்டாம். பிறகு மெதுவாக விரல் நுனி தானாக மடங்குகிறதா, நுனியின் இரண்டு பக்கமும் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காயம் அரை அங்குலமே இருந்தாலும், ரத்தம் நின்றிருந்தாலும், அன்றைக்கே கை அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்குப் போகவேண்டும். தோலை மட்டும் இரண்டு தையல் போட்டு அனுப்பி, மூன்று வாரம் கழித்து "விரல் மடங்கலையே" என்று வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். அதற்குள் நாண் உள்ளே சுருங்கிப் போயிருக்கும். தடுப்பூசியும் மறக்கவேண்டாம், டெட்டனஸ்.

அந்தப் பெரியவர் பதினான்கு வாரம் வந்தார். ஆள்காட்டி விரல் முழுதாக மடங்குகிறது. நடுவிரல் உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி. அடுத்த கார்த்திகையில் பிரசாதம் கொடுக்க வந்தபோது, அவர் கேட்டதன்பேரில் நான் எழுதிக்கொடுத்த வளையக் கத்தியை எடுத்துக் காட்டினார்.

"இதை வச்சா அண்ணே தேங்காய்க் கண்ணைத் தோண்டினீங்க?"

"இல்லம்மா. அதுக்கு ஸ்க்ரூடிரைவர்."